வளைவுக்கு வளைவு ஓர் அஸ்தமனம்

ஜன்னலோர இருக்கையை விட்டுக் கொடுத்திருக்க வேண்டாம் என்று வத்தலக்குண்டு தாண்டியதிலிருந்தே சுலைகா நினைத்துக்கொண்டிருந்தாள். ஆனால் கேட்டவள் கையில் ஓர் எலுமிச்சம்பழத்தையும் மடியில் நாலைந்து பிளாஸ்டிக் பைகளையும் தயாராக வைத்துக்கொண்டு, "பாப்பா, மலை ஏறுனா எனக்குக் கொமட்டிரும், நீ இங்கிட்டு வந்துக்கிறியா?" என்று கேட்கும்போது என்ன சொல்லி மறுப்பது, எனக்குச் சூரியனைப் பார்க்க வேண்டும் என்றா, அப்படிச் சொன்னால் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும், அதனால் எப்போதும்போல ஒன்றும் சொல்லாமல் எழுந்து இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டாள். இல்லை, மாட்டேன், வேண்டாம் என்கிற சொற்கள் அவளுக்குத் தொண்டைக்குக் கீழேயே நின்றுவிடும். செருப்புக் கடையில் ஓர் அளவு சின்னதாகக் கொடுத்தாலும் சரி என்று வாங்கி வந்து மாதக்கணக்கில் காலைக் கடிக்க விடுவாள். நாளைக் காலையில் இந்த மலைமேல் நடக்கும் ஆய்வரங்கத்தில், பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், இல்லை என்று சொல்ல வேண்டும், அல்லது சொல்லாமல் விழுங்க வேண்டும், இரண்டில் எது என்று இந்த நிமிஷம்வரை அவளுக்குத் தெரியவில்லை. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. காலையில் காயல்பட்டினத்தில் பஸ் ஏறும்போதே உம்மா சொன்னாள், பயணத்துல நோன்ப விட்டாப் பாவமில்ல புள்ள, பொறவு ஒருநாள் புடிச்சுக் களாச் செஞ்சுக்கிடலாம், மலைக்கெல்லாம் போற, மயக்கம் வந்தா யார் பாப்பா. அதற்கும் சரி என்று தலையாட்டிவிட்டு நோன்பைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பக்தி என்று உம்மா நினைத்திருப்பாள். பக்தியில்லை உம்மா, பயம். ஒருநாள் பட்டினி கிடந்து கேட்டால் நாளைக்குப் பேசுகிற தைரியத்தை அல்லா கொடுத்துவிடுவான் என்று ஒரு பேரம், அதை நினைக்கும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது, லஞ்சம் கொடுப்பதைப்போல. பஸ் முதல் கொண்டையூசி வளைவில் திணறித் திரும்பியது, வெயில் எதிர்ப்பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் தாவி ஜன்னலோரத்தவளின் மூக்குத்தியில் உட்கார்ந்தது, அடுத்த வளைவில் காணாமல் போனது.

விஷயம் இவ்வளவுதான். சூரியன் நடுவில் ஆணியடித்ததைப்போல நிற்கும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படம் போடுவார்கள், அது நிற்பதில்லை. கனத்த பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிற பெண் மறுபக்கம் ஒருக்களித்து நிற்பாளே, பிள்ளை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாறினால் சாய்வும் மாறுமே, அதைப்போல வியாழனும் சனியும் இழுக்கிற இழுப்புக்கு ஈடுகொடுத்து, சூரியன் ஒரு புள்ளியைச் சுற்றிக் கோணல்மாணலாக ஒரு சின்ன வட்டம் போட்டுக்கொண்டே இருக்கிறது. அந்தப் புள்ளி சில காலம் சூரியனின் வயிற்றுக்குள்ளேயே இருக்கும், சில காலம் வெளியே வந்துவிடும். இருபது வருஷத்துக்கு ஒருமுறை வியாழனும் சனியும் ஒரே பக்கம் சேரும்போது சாய்வு கூடும். இந்தச் சாய்வுக்கும் பூமியில் மழை பெய்வதற்கும் பொய்ப்பதற்கும் ஏதாவது தொடர்பு இருக்குமோ என்று சிலர் நெடுங்காலமாகத் தேடுகிறார்கள். இருக்கிறது என்பவர்களும் உண்டு, ஈர்ப்புக்கு இணங்கித் தன்போக்கில் விழுந்துகொண்டே இருக்கிற பொருளுக்குத் தான் அசைவதே தெரியாது, அது எப்படி வெயிலை மாற்றும், மழையை மாற்றும் என்று சிரிப்பவர்களும் உண்டு. அவளுடைய வழிகாட்டி தேவநேசன் சார், இருக்கிறது என்கிறவர். சிரித்தவர்களை எல்லாம் அவர் பெயரோடு நினைவில் வைத்திருந்தார். மதுரையில் கல்லூரியின் மூன்றாவது மாடியில், மின்விசிறி ஒரு பக்கமாகச் சாய்ந்து சுற்றும் அந்த அறையில், தென்கடற்கரையின் நூற்றைம்பது வருஷத்து மழைக் கணக்கை அவள் கையில் கொடுத்து, "பொறுமையாப் பாரும்மா, உனக்கு அந்தப் பொறுமை இருக்கு" என்று சொன்னபோது, அவளிடம் இருப்பதாக வீட்டைத் தாண்டி யாரும் எதையும் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு மாலை விடுதிக்குத் திரும்பும்போது சாலையில் நடக்கவே இல்லை, மிதந்தாள். அதுதான் இப்போது வலிக்கிறது. திட்டுகிற மனிதராக இருந்தால் எவ்வளவு சௌகரியம்.

வருஷ மழையைக் கோடாகப் போட்டால் பல் உடைந்த சீப்பு மாதிரி ஏறி இறங்கும். அதை வைத்துக்கொண்டு எதையும் பார்க்க முடியாது என்று முன்னும் பின்னுமுள்ள வருஷங்களைச் சேர்த்துச் சராசரி எடுப்பார்கள், அந்தச் சராசரிக்கும் மேலே இன்னொரு சராசரி எடுப்பார்கள், துணிக்கு இஸ்திரி போடுவதைப்போல. அப்படித் தேய்த்ததும் ஓர் அழகான அலை எழுந்தது. சூரியனின் சாய்வை அதன்மேல் வைத்து, கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே நகர்த்தினால் இரண்டும் தோளில் கைபோட்டுக்கொண்டு நடந்தன. சார் அந்தப் படத்தை அச்செடுத்துச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார். போன மாதம் மடிக்கணினி மாறியபோது, சராசரி எடுக்க எழுதி வைத்த நிரல் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க அவளுக்கு ஏதாவது ஒரு வரிசை எண்கள் வேண்டியிருந்தது. சோம்பல்தான். கைப்பேசியில் சேமித்திருந்த எண்களின் கடைசி இரண்டு இலக்கங்களை வரிசையாகக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனாள். திரும்பி வந்தபோது திரையில் அதே அலை. உம்மா, வாப்பா, மெஸ் அக்கா, விடுதிக் காவலாளி, கேஸ் ஏஜென்சி, கண்ணாடிக் கடை, 'மழையில் வந்த ஆட்டோ' என்று அவளே பெயர் வைத்திருந்த ஓர் ஆட்டோக்காரர், அவர்கள் எல்லோருடைய எண்களும் சேர்ந்து வியாழனும் சனியும் இழுக்க இழுக்க அலையடித்தன, சூரியனோடு கைகோத்துக்கொண்டன. முதலில் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. பெயர்களைக் குலுக்கிப்போட்டு மறுபடி ஓட்டினாள். மறுபடி அலை. எதைக் கொடுத்தாலும் அலை. மழையில் இல்லை அது, இஸ்திரிப் பெட்டியில் இருந்திருக்கிறது, அவள் தேய்த்த தேய்ப்பில். அப்புறம்தான் சார் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த படம் நினைவுக்கு வந்தது. அந்த எண்களை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தபோது வேறொன்றும் தோன்றியது, நூற்றைம்பது பேருக்கு மேல் இருந்தார்கள், யாரோடும் பேசாதவள் என்று ஊரே சொல்லும் எனக்கு இத்தனை பேரா, ஒவ்வொரு பேருக்குப் பின்னாலும் யாரோ ஏதோ ஒருநாள் செய்தது இருந்தது, மருந்து வாங்கித் தந்தது, இடம் பிடித்துத் தந்தது, மழையில் காசு வேண்டாம் என்று இறக்கிவிட்டது. ஆராய்ச்சி நாசமாய்ப்போன அன்றைக்கு இப்படி ஒரு நன்றி தோன்றும் என்று யார் நினைத்தார்கள்.

அதற்குப் பிறகும் சாரிடம் சொல்லவில்லை. தினமும் மூன்றாவது மாடி ஏறுவாள், கதவில் கை வைப்பாள், "என்னம்மா?" என்பார், "ஒண்ணுமில்ல சார்" என்பாள். ஒன்றுமில்லை என்பதைத்தான் சொல்ல வந்தாள், ஒன்றுமில்லை என்றே சொல்லவும் செய்தாள், ஆனாலும் சொல்லவில்லை. நாளைக்கு அரங்கத்தில் உதவித்தொகைக் குழுவும் உட்கார்ந்திருக்கும். அலைப் படத்தைக் காட்டினால் இன்னும் இரண்டு வருஷம் நீட்டிப்பார்கள், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அலை பொய் என்று சொன்னால் ஆய்வில் என்ன மிச்சம், எதற்கு நீட்டிக்க வேண்டும், ஊருக்குப் போ என்பார்கள். ஊரில் அவளுக்கென்று வாப்பா கட்டிவைத்த வீடு இருக்கிறது, அங்கே வீடு பெண்பிள்ளைக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து தங்குவார். வாசலுக்குப் பச்சை வர்ணம் அடித்து, உள்ளே பாத்திரம்கூட அடுக்கியாயிற்று. நல்ல வீடு, காற்று வரும், அதைக் குறை சொன்னால் நன்றிகெட்டவள். ஆனால் அந்த வீட்டுக்குள் போகும்போது ஒரு பொய்யை முடித்துவிட்டோ, ஓர் உண்மையைத் தொலைத்துவிட்டோ போகக் கூடாது, சும்மா, கை வீசிக்கொண்டு போக வேண்டும். சொல்லாமலும் இருக்கலாமே, யாருக்குத் தெரியும், அலை ஒன்றும் ஆளைக் கொல்லாது. கொல்லாதா? நாளைக்கு யாரோ ஒருவர் அந்த அலையை நம்பி இன்னும் பத்து வருஷத்துக்கு மழை உண்டு என்று ஏதாவது ஒரு குளத்தைத் தூர்த்துவிட்டால்? அப்படியெல்லாம் நடக்காது. நடக்காது என்பதும் ஒரு சராசரிதான். எண்ணம் இந்த இடத்தில் வந்து முட்டித் திரும்பும், மறுபடி சாரின் சட்டைப் பைக்குப் போகும், மடித்த காகிதத்தின் ஓரம் தெரியும், அதற்கு மேல் நகராது.

"இந்தா, ஒரு முறுக்கு எடுத்துக்க" என்று ஜன்னலோரத்தவள் பொட்டலத்தை நீட்டினாள். "நோன்பு புடிச்சிருக்கேன்க்கா" என்றாள் சுலைகா. அவள் நீட்டிய கையைப் பட்டென்று இழுத்துக்கொண்டு, "அய்யய்யோ, தண்ணிகூடக் கிடையாதா? முன்னாடியே சொல்லக் கூடாதா பாப்பா, நாம்பாட்டுக்கு ஒன் மூஞ்சிக்கு முன்னால நொறுக்கிக்கிட்டு வாரேன்" என்று பொட்டலத்தைச் சுருட்டிப் பைக்குள் அமுக்கினாள். பெயர் பஞ்சவர்ணமாம், பண்ணைக்காட்டுப் பக்கம் மகளைக் கட்டிக் கொடுத்திருக்கிறதாம், மகளுக்கு இது ஏழாம் மாதமாம், இத்தனையும் அடுத்த வளைவுக்குள் தெரிந்துவிட்டது. "எப்ப சாப்புடலாம்?" "சூரியன் மறைஞ்ச பெறகு." "அவ்வளவுதான, நான் ஜன்னல்லதான இருக்கேன், பாத்துச் சொல்றேன். நீ என்ன படிக்கிற?" சுலைகா தயங்கினாள். "சூரியனப் பத்தி." "அதுல என்னத்தப் படிக்க? காலைல வருது, சாயங்காலம் போகுது." சுலைகாவுக்குச் சிரிப்பு வந்தது, உதடு வெடித்திருந்ததால் எரிந்தது. "வியாழனும் சனியும் அத இழுக்கும்க்கா, அது கொஞ்சம் அசையும், அதனால மழை கூடுமா கொறையுமான்னு..." "சனியா!" பஞ்சவர்ணம் இருக்கையில் நிமிர்ந்தாள். "அத ஏன் கேக்குற, எங்க வீட்டுக்காரர ஏழரை வருசமாச் சனிதான் இழுத்துக்கிட்டு அலையுது. சூரியனையே இழுக்குதுன்னா இவரு எந்த மூலைக்கு! மழை எப்ப வரும்னு சொல்லுவியா நீ?" "இல்லக்கா." "சனியால வராதா?" "தெரியலக்கா. நான் தேடுன எடத்துல இல்ல." சொல்லிவிட்டுத் திகைத்தாள். எவ்வளவு லேசாக வந்துவிட்டது. பஞ்சவர்ணம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு, "இல்லாட்டி வேற எடத்துல தேடு, அதுக்கென்ன" என்றாள், அடுப்படியில் கரண்டி காணாமல் போனதற்குச் சொல்வதைப்போல. நாளைக்குக் கூடத்தில் இருக்கிறவர்கள் பஞ்சவர்ணம் இல்லையே. பஞ்சவர்ணத்தின் சட்டைப் பையில் அலை இல்லையே.

நோன்பு இந்த வருஷம் மாசியில் வந்திருக்கிறது. உம்மாவுக்குக் கல்யாணமான வருஷமும் மாசியில்தான் வந்ததாம், பிறை பார்த்துப் பிடிக்கிற மாதம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகர்ந்து, மழைக்குள் போய், கத்திரி வெயிலுக்குள் போய், முப்பது வருஷத்துக்கு மேல் சுற்றித் திரும்பப் புறப்பட்ட இடத்துக்கு வந்துவிடும். சந்திரனுக்கும் சூரியனுக்கும் நடுவில் நடக்கிற அந்தச் சுற்றை யாரும் தேய்த்து எடுக்க வேண்டியதில்லை, அது சமையலறைக்கே தெரியும், நோன்புக் கஞ்சிக்கு எந்த வருஷம் வெள்ளரிப்பிஞ்சு கிடைக்கும், எந்த வருஷம் விறகு நனைந்திருக்கும் என்று. அதனால்தானோ என்னவோ சின்ன வயதிலிருந்தே எல்லாம் சுற்றித்தான் வரும் என்று அவளுக்குள் ஒரு நம்பிக்கை, சாருடைய அலையை அவ்வளவு சீக்கிரம் நம்பியதும் அதனால்தான், குற்றம் அவர் ஒருவர்மேல் இல்லை. அவள் முதல் நோன்பு பிடித்தது ஐப்பசி மழையில். ஏழு வயது. நாள் முழுக்க வானம் சாம்பல் பூசிக் கிடந்தது, சூரியன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, இருக்கிறதா என்றும் தெரியவில்லை, "உம்மா, சூரியன் இன்னைக்கு வரவே இல்லியே, வராதது எப்பிடி மறையும்?" என்று அழுதாள். காக்கா என்று அவள் கூப்பிடும் அண்ணன் சிரித்தான், உம்மா சிரிக்கவில்லை. உம்மா அவளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்து, சாரலில் நின்று, "அது வந்தாச்சு புள்ள, மேகத்துக்கு அங்கால நிக்குது, அது இல்லாட்டி ஒன் மொகம் எனக்குத் தெரியுமா?" என்றாள். முகத்தில் தண்ணீர் வழிந்தது. பள்ளிவாசல் பாங்கு மழைச் சத்தத்துக்குள்ளிருந்து அரைகுறையாகக் கேட்டது. வாயில் வைத்த பேரீச்சம்பழத்தின் இனிப்பு இன்றைக்கும், இப்போதும், இந்த ஒட்டிக்கிடக்கிற நாக்கின் அடியில் எங்கேயோ இருக்கிறது. அப்போதே கேட்டிருக்க வேண்டும், உம்மா, இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்லிவிட்டால் அதை எப்படி மறைய வைப்பது.

"போயிட்டான் பாப்பா! போயிட்டான்!" பஞ்சவர்ணம் அவள் தொடையில் அடித்தாள். பஸ்ஸில் முன்னால் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். சுலைகா எக்கிப் பார்த்தாள், சூரியன் ஒரு பெரிய பாறை முதுகுக்குப் பின்னால் போயிருந்தது, பாறையின் விளிம்பு மட்டும் தணலாகத் தெரிந்தது. "மலைக்குப் பின்னாலதான்க்கா போயிருக்கு. மறையல" என்றாள். "கண்ணுல காணோம்ங்கிறேன், இன்னும் என்ன?" என்று பஞ்சவர்ணம் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து நீட்டிய சமயத்தில் பஸ் வளைந்தது, பாறை நகர்ந்தது, ஒரு சந்து வழியாக வெயில் பளீரென்று உள்ளே பாய்ந்து பாட்டில் தண்ணீரைப் பொன்னாக்கியது. "அட நாசமாப் போறவனே, திரும்ப வந்துட்டான்!" பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் டிக்கெட் பையை இடுக்கிக்கொண்டு வந்து, "என்னக்கா, யாரு வந்தது, யாரு போனது? வத்தலக்குண்டுலருந்து பின்னாடியே தொத்திக்கிட்டு வாறான்ல, அவனுக்கும் சேத்து டிக்கெட் எடு" என்றார். "எடுக்கிறேன், நீ மொதல்ல வண்டிய நேராப் போகச் சொல்லு, இந்தப் பிள்ளை காலையிலருந்து பச்சத்தண்ணி குடிக்கல, இவன் என்னடான்னா கண்ணாமூச்சி காட்டுறான்." இன்னொரு வளைவு, மறுபடி போனான். இன்னொரு வளைவு, மறுபடி வந்தான், முன்னைவிடச் சிவந்து, முன்னைவிடத் தணிந்து. ஒவ்வொரு தடவையும் பஞ்சவர்ணம் சொல்லிக்கொண்டே வந்தாள், எதிர்வரிசையில் இருந்த கல்லூரிப் பையன்களும் சேர்ந்துகொண்டார்கள், "வந்துட்டாரு, வந்துட்டாரு" என்று. சுலைகா வாயில் கைவைத்துச் சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நின்றாள். இறங்குகிறது, ஏறுகிறது, இறங்குகிறது. பஞ்சவர்ணம் சொன்னதை எல்லாம் வரிசையாக எழுதி வைத்தால் இன்றைக்குச் சாயங்காலம் இந்த மலையில் சூரியன் நாலு தடவை அஸ்தமித்தது என்றுதான் வரும், சொன்னவள் பொய் சொல்லவில்லை, பார்த்ததைத்தான் சொன்னாள், ஆனால் வளைந்தது யார். சூரியனா வளைந்தது. பாதைதானே வளைகிறது, நாம் உட்கார்ந்து போகிற பாதை. இதை இப்படிச் சொன்னால் சாருக்குப் புரியுமா, புரியும், அவருக்குப் புரியாதது உண்டா, புரிந்துகொண்டபின் அவர் முகம் எப்படி ஆகும் என்பதுதான்.

அப்போது அவள் மேற்கைப் பார்க்கவில்லை. இந்தப் பக்கம், வழிநடைக்கு அப்பாலிருந்த ஜன்னலுக்கு வெளியே மலை விலகிச் சமவெளி மொத்தமும் கீழே விரிந்து கிடந்தது, கிழக்கே, தூரத்தில், வைகைத் தண்ணீர் ஒரு பிளேடு மாதிரி மின்னியது. அதற்கும் மேலே, அடிவானத்தை ஒட்டி, நீலமும் சாம்பலும் கலந்த ஒரு பட்டை எழுந்திருந்தது. அதன் தலையில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு. மேகமில்லை. பூமியின் நிழல். பூமி தன்னுடைய நிழலைத் தானே வானத்தில் விரித்துக்கொண்டு எழுந்து வருகிறது. புத்தகத்தில் படித்திருக்கிறாள், இவ்வளவு சுத்தமாகப் பார்த்ததில்லை. இரவு கிழக்கிலிருந்து வருவதைப் பார்த்து நோன்பு திறக்கலாம் என்று ஊரில் மார்க்கம் சொல்லித் தந்த உஸ்தாத் சொன்னது இதைத்தானா, மேற்கையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவளுக்கு இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்றே. பஸ் எத்தனை வளைந்தும் அந்தப் பட்டை ஏறி இறங்கவில்லை. ஒரே போக்காக, அவசரமில்லாமல், உயர்ந்துகொண்டே வந்தது. அது கீழேயிருந்த ஊர்களை மூடி, சிவப்புக் கோடு மேலே கரைந்து போகிறவரை பார்த்திருந்துவிட்டு, "அக்கா, இப்ப திறக்கலாம்" என்றாள். "அவன் போயிட்டானா? இங்கிட்டு மரமா இருக்கு, தெரியலியே." "போயாச்சு. இந்தப் பக்கம் தெரியுது." பஞ்சவர்ணம் அந்தப் பக்கம் பார்த்தாள், ஒன்றும் புரியாமல், அவள் சொன்னால் சரிதான் என்று பாட்டிலை நீட்டினாள். பேரீச்சம்பழம் பையில் இருந்தது, எடுத்து மனதுக்குள் துஆ ஓதி வாயில் வைத்தாள், ஒன்றைப் பஞ்சவர்ணத்துக்குக் கொடுத்தாள். தண்ணீர் உள்ளே இறங்கியது, குளிர்ந்து, நெஞ்சு வழியாக, அது போகிற பாதை முழுக்கத் தெரிந்தது. முறுக்குப் பொட்டலம் திரும்பி வந்தது. எதிர்வரிசைப் பையன் பேசாமல் எழுந்து ஒரு கொய்யாப்பழத்தை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனான். கண்டக்டர் ஓட்டுநரிடம், "மெதுவாப் போண்ணே, பிள்ளை சாப்புடுது" என்றார். அவள் குனிந்துகொண்டாள், கண்ணில் நீர் கோத்துவிட்டது, அதை யாரும் பார்க்கக் கூடாது. யாருக்கென்று நன்றி சொல்வது. அங்கே அந்த நெருப்புக்கு எத்தனை இழுபறி, வியாழன் ஒரு பக்கம், சனி ஒரு பக்கம், நின்ற இடத்தில் நிற்க விடாமல், ஆனாலும் அது இங்கே அனுப்புகிற வெளிச்சம் ஆயிரத்தில் ஒரு பங்கு கூடக் குறைய இருந்தால் பெரிது. தான் படுகிற பாட்டை அது நம்மேல் காட்டவில்லை. இது போதாதா. நூற்றைம்பது வருஷக் கணக்கைத் தேய்த்துத் தேய்த்துத் தேடியதில் தொடர்பு கிடைக்கவில்லை என்றால் அது தோல்வியா, அல்லது இதுவரை வந்த அத்தனை காலை வெயிலுக்கும் சாட்சியா. தொடர்பு வேறெங்காவது இருக்கலாம், வேறு யாராவது கண்டுபிடிக்கலாம், அவளுடைய கணக்கில் அது இல்லை, இல்லை என்பது ஓர் இருப்பு மாதிரிக் கையில் கனமாக இருந்தது, அந்தக் கொய்யாப்பழம்போல.

"பாத்தியா, இன்னைக்கு எனக்குக் கொமட்டவே இல்ல" என்று பஞ்சவர்ணம் பிளாஸ்டிக் பைகளை மடித்துக்கொண்டே சொன்னாள். "ஒன் சூரியனுக்குக் காவல் இருந்ததுல மறந்தே போச்சு." பண்ணைக்காட்டுப் பிரிவில் இறங்கும்போது, "நாளைக்கு நல்லாப் பேசு, பயப்படாத, அவங்களும் சோறுதான் திங்கிறாங்க" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள். நாளைக்குப் பேச்சு என்று அவளிடம் எப்போது சொன்னோம் என்று சுலைகா யோசித்தாள், சொல்லித்தான் இருக்க வேண்டும், இந்தப் பஸ்ஸில் நான் நிறையப் பேசியிருக்கிறேன்.

பெருமாள்மலையில் பஸ் நின்றது, டீக்காகப் பாதிப் பேர் இறங்கினார்கள். சிக்னல் வந்ததும் கைப்பேசி அதிர்ந்தது, சார். மதுரையில் வீட்டிலிருந்து, காலையில் காரில் வருகிறவர். அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி டீக்கடை விளக்குக்கு அப்பால் போய் நின்றாள். காற்று சில்லென்று காதில் நுழைந்தது. "போய்ச் சேந்துட்டியாம்மா? ஒண்ணுமில்ல, நாளைக்கு அந்த அலைப் படத்த மொதல்லயே போட்டுரு, அவங்க கவனம் சிதறதுக்கு முன்னாடி." தொண்டைக்குக் கீழே அந்தச் சொல் வந்து நின்றது, வழக்கமாக நிற்கிற இடத்தில். அவள் காத்திருக்கவில்லை. "அந்தப் படம் வேண்டாம் சார்" என்றாள். "ஏன்?" சொன்னாள். மடிக்கணினி மாறியதிலிருந்து, கைப்பேசி எண்களிலிருந்து, குலுக்கிப் போட்டதிலிருந்து, சராசரிக்கு மேல் சராசரி எடுத்தால் எதிலும் அலை வரும் என்பதிலிருந்து, நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி. சத்தம் எப்போது நின்றது என்று அவள் கவனிக்கவில்லை. முடித்தபின் லைன் கட்டாகிவிட்டதோ என்று திரையைப் பார்த்தாள், ஓடிக்கொண்டுதான் இருந்தது. "எத்தன தடவ பண்ணிப் பாத்த?" என்றார் கடைசியில். "நெறைய தடவ சார்." "எப்பலருந்து தெரியும்?" "போன மாசத்துலருந்து." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "அதான் தெனமும் கதவுகிட்ட வந்து நின்னுட்டுப் போனியா." "ஆமா சார்." "நான் இருபது வருசமாப் பாத்துக்கிட்டிருக்கேம்மா அத. எனக்கு இப்ப உன்கூடச் சண்டை போடணும்போலத்தான் இருக்கு. சண்டை போடறதுக்குத்தான் ஒண்ணும் கிடைக்க மாட்டேங்குது." நாற்காலி நகரும் சத்தம். "சரி. நாளைக்கு மொதல்ல நான் எந்திரிச்சு, இது என்னோட யோசனை, தப்பும் என்னோடதுன்னு சொல்லிட்டு உக்காந்துர்றேன். அப்புறம் நீ வந்து, எப்பிடித் தப்புன்னு சொல்லு. இப்ப எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லு, ஒரு வரியும் மாத்தாத. அவங்க நீட்டிச்சாலும் சரி, நீட்டிக்காட்டியும் சரி." அவளுக்கு எத்தனையோ சொல்ல வேண்டியிருந்தது, அந்தப் பொறுமை என்று சொன்னீர்களே சார், அதற்கு, மூன்றாவது மாடிக்கு, சண்டை போடாததற்கு. பல் கிட்டிக்கொண்டு வந்தது. "இங்க ரொம்பக் குளிருது சார்" என்றாள். "மலைன்னா குளிரத்தான் செய்யும்" என்றார், குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. "ஒரு டீ வாங்கிக் குடிச்சுட்டு உள்ள போய் உக்காரு. காலையில வந்துர்றேன்."